ஐந்தா, ஐந்தாவதா? ஆங்கில வரிசை எண்களில் நம்மவர்கள் தடுமாறும் இடங்கள்

வீடு பார்த்தாகி விட்டது. முன்பணமும் கொடுத்தாகி விட்டது. சாவியைக் கையில் கொடுக்கும்போது வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். வாடகை எப்போது வரும்?

"பைவ் டேஸ்" என்கிறார் நம் ஊர்க்காரர்.

மாதா மாதம் ஐந்தாம் தேதி தந்து விடுகிறேன் என்பது அவர் எண்ணம். வீட்டுக்காரர் புரிந்து கொண்டது வேறு. இன்றிலிருந்து ஐந்து நாளில் பணம் வந்து விடும் என்று அவர் எண்ணிக் கொள்கிறார். அன்று தேதி 22. 27-ந் தேதி காலையிலேயே கதவு தட்டப்படுகிறது. நம்மவருக்குச் சம்பளமோ ஒன்றாம் தேதிதான். குடிவந்த வாரத்திலேயே மனக்கசப்பு!

"பிப்த்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை.

ஐதராபாத்துக்கும் செகந்தராபாத்துக்கும் பிழைக்க வரும் தமிழர்களில் ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லத் தெரியாதவர் குறைவு. தடுமாற்றம் வருவது முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான். இதைப் பள்ளிக்கூடப் பாடம் என்று தள்ளி விட முடியாது. வாடகை, பாங்கி வேலை, நோட்டீசுக்குப் பதில், பிள்ளையின் சான்றிதழ், ஓய்வு பெறும் நாள் எல்லாமே இதைப் பொறுத்து இருக்கின்றன.

ஏழு கல்லறையும் ஏழாவது நிஜாமும்

எண்கள் இரண்டு வேலை செய்கின்றன. "எத்தனை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது ஒன்று. "வரிசையில் எந்த இடம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது மற்றொன்று.

இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள ஐதராபாத்தை விட நல்ல ஊர் கிடையாது.

சார்மினார் என்றால் நான்கு மினார். நான்காவது மினார் அல்ல. கோல்கொண்டா அருகே குதுப்ஷாஹி மன்னர்களின் சமாதிகள் உள்ள இடத்தை மக்கள் "செவன் டூம்ஸ்" என்கிறார்கள். ஏழு கல்லறைகள் என்று பொருள். ஆனால் 1911 முதல் 1948 வரை ஆண்ட மீர் உஸ்மான் அலிகானை "செவன் நிஜாம்" என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். அவர் "செவன்த் நிஜாம்". அவருக்கு முன் ஆறு பேர் இருந்தார்கள், அவர் ஏழாவது இடத்தில் வந்தார் என்பது அதன் பொருள். கடைசியில் வரும் அந்த "த்" ஒலிதான் ஏழு பேரை ஒரே ஆளாக்குகிறது.

இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள். 1591-ல் ஐதராபாத்தை நிறுவிய முகமது குலி குதுப்ஷா அந்த வம்சத்தின் ஐந்தாவது சுல்தான். "பிப்த்". செகந்தராபாத்துக்குப் பெயர் தந்த சிக்கந்தர் ஜா மூன்றாவது நிஜாம். "தேர்ட்".

நான்கு மொழிகளில் ஒரே முறை

இந்த ஊரில் ஒரு தமிழரின் காதில் நான்கு மொழிகள் விழுகின்றன. நான்கிலும் வரிசை எண் பிறக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே.

தமிழில் எண்ணோடு "ஆம்" அல்லது "ஆவது" சேர்க்கிறோம். மூன்று மூன்றாவது ஆகிறது. தெலுங்குக்காரர் எண்ணோடு ஓகாரம் சேர்த்து "ரெண்டோ, மூடோ" என்கிறார். உருது பேசுபவர் "பாஞ்ச், சாத்" என்பதோடு "வான்" சேர்த்து "பாஞ்ச்வான், சாத்வான்" என்கிறார். ஆங்கிலேயர் எண்ணோடு "த்" சேர்த்து "சிக்ஸ்த், செவன்த்" என்கிறார்.

நான்கு மொழிகளிலும் வழிக்கு வராதது ஒன்றாம் எண்தான். தமிழில் "முதல்". தெலுங்கில் "மொதடி". உருதுவில் "பஹலா". ஆங்கிலத்தில் "பர்ஸ்ட்". இவை எவற்றிலும் அந்தந்த மொழியில் ஒன்றைக் குறிக்கும் சொல்லின் சாயல் இல்லை. "பர்ஸ்ட்" என்பது முன்னால் நிற்பது என்ற பொருளில் பிறந்த சொல். "செகண்ட்" லத்தீனிலிருந்து வந்தது. பின்தொடர்ந்து வருவது என்பது அதன் பொருள். அந்தச் சொல் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் இரண்டாவதைக் குறிக்க "மற்றது" என்ற பொருள் உள்ள "அதர்" என்ற சொல்லையே பயன்படுத்தினார்கள்.

ஆகவே "ஒன்", "டூ" ஆகியவற்றோடு "த்" சேர்த்துப் பார்த்துத் தவிக்க வேண்டாம். முன் நிற்பது பர்ஸ்ட். பின்தொடர்வது செகண்ட். மூன்றாவது தேர்ட். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்தால், மற்றவை எல்லாம் "த்" கட்சி.

ஜனாதிபதிகள் வரிசை

மனப்பாடம் செய்யச் சுலபமான வழி ஒன்று உண்டு. நம் நாட்டு ஜனாதிபதிகளை வரிசையாக நினைத்துக் கொள்ளலாம்.

திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் இரண்டாவது ஜனாதிபதி. செகண்ட். அவருக்குப் பின் வந்த டாக்டர் ஜாகிர் உசேன் 1897-ல் இதே ஐதராபாத்தில் பிறந்தவர். தேர்ட். ஆந்திரத்தின் நீலம் சஞ்சீவ ரெட்டி ஆறாவது. சிக்ஸ்த். தமிழ்நாட்டின் ஆர்.வெங்கட்ராமன் எட்டாவது. எய்ட்த். ராமேசுவரத்தில் பிறந்து, 1982-ல் ஐதராபாத் ஏவுகணை ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற அப்துல் கலாம் பதினோராவது. லெவன்த்.

எழுதும்போது சில சொற்களில் எச்சரிக்கை தேவை. எட்டாவதற்கு "எயிட்" என்ற சொல்லின் பின்னால் "எச்" என்ற ஒரே எழுத்தைச் சேர்த்தால் போதும். ஒன்பதாவதில் "நைன்" சொல்லின் கடைசி "ஈ" விழுந்து விடும். ஐந்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் "வி", "ஈ" இரண்டும் போய் "எப்" வரும். இருபது, முப்பது, நாற்பது ஆகியவற்றில் கடைசி "ஒய்" போய் "ஐ", "ஈ" வரும். நான்கில் உள்ள "யூ" நாற்பதிலும் கிடையாது, நாற்பதாவதிலும் கிடையாது.

தென் மத்திய ரெயில்வே 1966 அக்டோபர் 2-ந் தேதி செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அது நாட்டின் ஒன்பதாவது ரெயில்வே மண்டலம். "நைன்த்" என்பதில் "ஈ" கிடையாது என்பதை இதோடு சேர்த்து நினைவில் வைக்கலாம்.

பதினொன்று முதல் பதின்மூன்று வரை

பெரிய எண்களில் கடைசிப் பகுதி மட்டுமே மாறும். தமிழிலும் அப்படித்தான். நூற்று இருபத்தைந்தாவது என்கிறோம். நூறாவது இருபதாவது ஐந்தாவது என்று யாரும் சொல்வதில்லை. 2014 ஜூன் 2-ந் தேதி உதயமான தெலுங்கானா அன்று நாட்டின் 29-வது மாநிலம். "ட்வென்ட்டி நைன்த்". இருபது அப்படியே நிற்க, ஒன்பது மட்டும் மாறியது.

21, 22, 23 ஆகியவை ட்வென்ட்டி பர்ஸ்ட், ட்வென்ட்டி செகண்ட், ட்வென்ட்டி தேர்ட். ஆனால் 11, 12, 13 மூன்றுக்கும் "த்" மட்டுமே. 111, 112, 113 ஆகியவையும் அப்படியே.

எண்ணை இலக்கத்தில் எழுதி அருகே இரண்டு எழுத்து போடும்போது பலர் தவறுவது இந்த மூன்றில்தான். 21-க்குப் போட்ட வாலையே 11-க்கும் ஒட்டி விடுகிறார்கள். இதற்கு ஒரே விதி போதும். சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அதன் கடைசி இரண்டு எழுத்துகளை எடுத்து எண்ணின் பக்கத்தில் வைக்க வேண்டும். வேறு எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

பத்தாம் நம்பர் தொல்லை

செகந்தராபாத் ஸ்டேஷனில் போயிகூடா பக்கம் உள்ளது பத்தாம் நம்பர் பிளாட்பாரம். நாம் "பத்தாம் நம்பர்" என்று சொல்லிப் பழகியவர்கள். அதை அப்படியே திருப்பி "டென்த் நம்பர் பிளாட்பாரம்" என்கிறோம்.

ஆங்கிலத்தில் இதற்கு வேறு வழக்கம். எண், பொருளுக்கு முன்னால் வந்தால் "த்" வேண்டும். பின்னால் வந்தால் வேண்டாம். "பிளாட்பார்ம் நம்பர் டென்", "பெர்த் நம்பர் எயிட்", "ரூம் நம்பர் சிக்ஸ்" என்பவை சரி. "பிப்த் புளோர்", "செகண்ட் கேட்", "தேர்ட் ரோ" என்பவையும் சரி. இரண்டையும் கலந்தால்தான் தொல்லை.

ராஜாக்கள் மட்டும் இதற்கு விலக்கு. ரோமன் எண் பெயருக்குப் பின்னால் இருந்தாலும் வாசிக்கும்போது "த்" சேர்க்க வேண்டும். ஆசப் ஜா என்ற பெயருக்குப் பின் ரோமன் எழுத்தில் ஆறு இருந்தால் "ஆசப் ஜா த சிக்ஸ்த்" என்று படிக்க வேண்டும். அவர்தான் 1869 முதல் 1911 வரை இருந்த மகபூப் அலிகான்.

தேதியில் கவனம்

தேதி என்பதே வரிசை எண்தான். மாதத்தின் ஐந்தாவது நாள் என்பதால் ஐந்தாம் தேதி. இங்கே உருது வழக்கம் நம்மைக் குழப்பி விடும். ஒன்றாம் தேதிக்கு மட்டும் "பஹலி தாரீக்" என்று சொல்லி விட்டு, பிறகு "தோ தாரீக், தீன் தாரீக்" என்று வெறும் எண்ணாகவே சொல்வார்கள். அதைக் கேட்டுப் பழகி, ஆங்கிலத்திலும் "பைவ் டேட்" என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். "பிப்த்" என்பதே சரி. எழுதும்போது வெறும் 5 போட்டாலும் படிக்கும்போது "பிப்த்" என்றே படிக்க வேண்டும்.

அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் போடுவார்கள். 2-6-2014 என்பது நமக்கு ஜூன் 2. அவர்களுக்குப் பிப்ரவரி 6. அமெரிக்கக் கம்பெனிகளோடு தொடர்பு உள்ள அலுவலகங்களில் மாதத்தை எழுத்தால் எழுதி விட்டால் சிக்கல் இல்லை.

நோட்டீசுகளில் இரண்டு சொற்றொடர்கள் அடிக்கடி வரும். "ஆன் ஆர் பிபோர் த பிப்த்" என்றால் ஐந்தாம் தேதியும் சேர்த்தி. வெறும் "பிபோர் த பிப்த்" என்றால் நான்காம் தேதியோடு கதவு மூடியது.

"இத்தனை நாட்களுக்குள்" என்று வந்தால் அது வரிசை அல்ல, எண்ணிக்கை. மத்திய சட்டங்களுக்குப் பொருள் கூறும் 1897-ம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டப்படி, ஒரு நாளில் "இருந்து" என்று சட்டம் சொன்னால் அந்த முதல் நாளைத் தள்ளி விட்டு எண்ண வேண்டும். அப்படிப்பட்ட நோட்டீசு 10-ந் தேதி கைக்கு வந்து, அன்றிலிருந்து ஏழு நாட்களுக்குள் பதில் கேட்டால், 11-ந் தேதி முதல் நாள். 17-ந் தேதி ஏழாவது நாள். அதுவே கெடு.

இரண்டாவது சனிக்கிழமை

2015 செப்டம்பர் 1 முதல் மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் பாங்கிகளுக்கு விடுமுறை என்று ஏற்பாடானது. அன்று முதல் நாள் கூலிக்காரர்களுக்கு இது முக்கியமான கணக்கு ஆகி விட்டது.

எண்ண வேண்டியது சனிக்கிழமைகளை. வாரங்களை அல்ல. மாதம் சனிக்கிழமையில் பிறந்தால், ஒன்றாம் தேதியே முதல் சனிக்கிழமை. காலண்டரில் அது முதல் வரியின் ஓரத்தில் தனியாக நிற்கும். கண்ணில் படாது. 8-ந் தேதியை முதல் சனிக்கிழமை என்று எண்ணிக் கொண்டு, வேலையை விட்டுப் பாங்கிக்குப் போகிறவர் பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். அரை நாள் கூலி போயிற்று.

இதற்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு. இரண்டாவது சனிக்கிழமை எந்த மாதத்திலும் 8-ந் தேதிக்கு முன்னும் வராது, 14-க்குப் பின்னும் வராது. நான்காவது சனிக்கிழமை 22-க்கும் 28-க்கும் இடையில்தான் வரும். வரும் சனிக்கிழமையின் தேதி இந்த இரண்டு கட்டங்களில் விழுந்தால் பாங்கிக்குப் போக வேண்டாம்.

ஒரு நாள் வித்தியாசம், ஒரு மாதச் சம்பளம்

வயதைச் சொல்வதிலும் இரண்டு வழிகள் உண்டு. "எனக்கு முப்பத்தைந்து நடக்கிறது" என்று நம் ஊரில் சொல்வோம். அவருக்கு முடிந்தது 34. நடப்பது முப்பத்தைந்தாவது ஆண்டு. விண்ணப்பத்தில் "கம்ப்ளீட்டட்" என்று இருந்தால் எழுத வேண்டியது 34. பதினெட்டாவது வயதில் இருக்கும் பையனுக்கு ஓட்டு கிடையாது. அவனுக்குப் பதினெட்டு முடிய வேண்டும். ஓட்டுரிமை வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்து 1989-ல் அமலுக்கு வந்தது அரசியல் சட்டத்தின் அறுபத்தோராவது திருத்தம். அதுவும் ஒரு வரிசை எண்.

சான்றிதழ் விண்ணப்பத்தில் பிறந்த தேதியை எழுத்தால் எழுதச் சொல்வார்கள். அங்கே "ஒன் ஜூலை" என்று எழுதாமல் "பர்ஸ்ட் ஜூலை" என்று எழுத வேண்டும். 21 என்றால் "ட்வென்ட்டி பர்ஸ்ட்". நடுவே சிறு கோடு உண்டு.

இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு விதியே சாட்சி. பொதுவாக 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு அதற்கு முந்திய மாதத்தின் கடைசி நாளே ஓய்வு நாள். ஜூலை 2-ந் தேதி பிறந்தவர் ஜூலை 31 வரை வேலை பார்ப்பார். ஜூலை 1-ந் தேதி பிறந்தவர் ஜூன் 30-ந் தேதியே வீட்டுக்குப் போக வேண்டும். "பர்ஸ்ட்" என்பதற்கும் "செகண்ட்" என்பதற்கும் நடுவே ஒரு மாதச் சம்பளம் இருக்கிறது!

எங்கிருந்து எண்ணுவது?

வரிசை எண்ணைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. வரிசை எங்கே தொடங்குகிறது என்றும் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் தரைத்தளம் கணக்கில் சேராது. அதன் மேல் உள்ளதே "பர்ஸ்ட் புளோர்". ஐதராபாத்தில் "ஜி பிளஸ் பைவ்" கட்டிடம் என்றால் தரைத்தளமும் மேலே ஐந்து மாடிகளும். ஆகவே "பிப்த் புளோர்" என்பது அடியிலிருந்து ஆறாவது தளம். அமெரிக்காவில் தரைத்தளமே "பர்ஸ்ட் புளோர்". அங்கிருந்து வந்தவர் "செகண்ட் புளோர்" என்று சொன்னால், எலெக்ட்ரீஷியன் ஏணியைத் தூக்கிக் கொண்டு ஒரு மாடி கூடுதலாக ஏறி விடுவார். "தரைக்கு மேலே எத்தனை?" என்று கேட்டுக் கொள்வது நல்லது.

சுதந்திர தினத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. 1947 ஆகஸ்டு 15 முதல் சுதந்திர தினம். 2022 ஆகஸ்டு 15 அன்று முடிந்தது 75 ஆண்டுகள். கொண்டாடியதோ எழுபத்தாறாவது சுதந்திர தினம். இரண்டும் சரியே. குழந்தையின் பிறந்த நாளில் இப்படி எண்ணுவதில்லை. பிறந்த அன்றைய நாளை விட்டு விட்டு, ஓராண்டு நிறைவையே முதல் பிறந்த நாள் என்கிறோம்.

ரெயிலில் மூன்றாம் வகுப்பு இருந்தது. அதன் அவலத்தை 1917-ல் காந்தி எழுதினார். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்து, அதுவே இரண்டாம் வகுப்பு ஆயிற்று. இன்று "தேர்டு ஏசி" என்றால் வசதியான பயணம். பெயரில் மூன்று இருந்தால் மட்டம் என்று பொருள் இல்லை. எந்த வரிசையில் மூன்றாவது என்பதே கேள்வி.

ஆங்கிலத்தில் இல்லாத சொல்

இவ்வளவு வரிசை எண்கள் உள்ள ஆங்கிலத்தில், அவற்றைக் கேட்பதற்கு மட்டும் நேரான ஒரு சொல் வழக்கில் இல்லை. தமிழில் "எத்தனையாவது" என்கிறோம். தெலுங்கில் "என்னவ" என்ற சொல் உண்டு. ஆங்கிலத்தில் சுற்றி வளைத்தே கேட்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாத்தியார்கள் பையன்களைத் திணற வைக்கும் பழைய புதிர் இது.

தெலுங்கானா மண்ணில் பிறந்த பி.வி.நரசிம்மராவ் எத்தனையாவது பிரதமர்? இதை ஆங்கிலத்தில் கேட்க ஒரு வழி உண்டு. அவருக்கு முன் எத்தனை பிரதமர்கள் என்று "ஹவ் மெனி" போட்டுக் கேட்கலாம். தற்காலிகமாக இருந்த நந்தாவைச் சேர்க்காமல் எட்டுப் பேர். ஆகவே அவர் ஒன்பதாவது. நைன்த். எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினால் வரிசை கிடைத்து விடுகிறது.

மற்ற இடங்களில் இவ்வளவு சிரமம் இல்லை. எத்தனையாவது மாடி என்பதற்கு "விச் புளோர்". எத்தனையாம் வகுப்பு என்பதற்கு "விச் கிளாஸ்". எத்தனையாம் தேதி என்பதற்கு "வாட் டேட்". வீட்டுக்காரர் வாடகைக்கு இப்படி "வாட் டேட்" என்று கேட்டால், நாளை எண்ணிச் சொல்லக் கூடாது. மாதத்தில் அது எந்த இடம் என்று பார்த்து, "பிப்த்" என்று சொல்லி விட்டு, அந்தத் தேதியில் பணத்தைக் கொடுத்து விட வேண்டும்.